ரசீது இருக்கா?

நுகர்வோர் மன்ற அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களிடம் நான் அதிகம் கேட்ட கேள்விதான் இந்தப் பகுதியின் தலைப்பு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு அட்வான்ஸ் பற்றியவை. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: ஆறு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். வாடகை 10,000-ல் ஆரம்பித்து 14,000 ஆனது. அட்வான்ஸ் ஒரு லட்சம். பிப்ரவரி கடைசியில் காலி செய்தோம். பெயிண்ட் அடிக்க 38,000, ஒரு மாத வாடகை 14,000, குழாய் மாற்ற 2,500 என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு 45,500 மட்டும் கொடுத்தார். காலி செய்யப் போவதை ஒரு மாதம் முன்பே வாட்ஸப்பில் சொல்லியிருந்தோம். கேட்டால், "எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம்" என்கிறார். ஏதாவது வழி உண்டா?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே "வழக்கம்" என்ற சொல்லை 1991-ல் நானும் கேட்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்னப் போர்ஷன். வாடகை 450 ரூபாய். காலி செய்த அன்று வீட்டுக்காரம்மா கையில் பென்சிலோடு வந்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். மொத்தம் 27 வட்டம். ஓட்டைக்குப் பத்து ரூபாய். நாங்கள் அடித்தது ஆறு ஆணிதான். மற்றதெல்லாம் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்தது. சமையலறைக் கதவுக்கு மேலே ஓர் ஆணியில் பழைய காலண்டரின் நூல்கூட அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, கடைசியா இருந்தது நீங்கதானே" என்றார். 270 ரூபாய் போனது. என் கணவர் வாசலில் மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். வாதாட நேரமும் இல்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சாவி வாங்கிய அன்றே, பால் காய்ச்சுவதற்கு முன்னால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். "ஹாலில் கிழக்குச் சுவரில் ஆணி ஓட்டை 9. குளியலறைக் கதவின் கீழ்ப்பக்கம் உளுத்திருக்கிறது. வாஷ்பேசின் ஓரத்தில் விரிசல்" என்று எழுதி, தேதி போட்டு, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். யாரும் மறுத்ததில்லை. முதல் நாள் எல்லாரும் நல்ல மனதோடுதான் இருப்பார்கள். இப்போது கைபேசியில் வீடியோ எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிட்டால் போதும், தேதியும் அதிலேயே விழுந்துவிடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய சட்டம் அது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்ற வாசலையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் நடப்பது அந்த வாசல் வழியாகத்தான். எனக்கு இது நெடுநாளாக மனதை உறுத்தும் விஷயம். வீடு தேடி அலைகிறவரிடம் "நீயே ஒப்புக்கொண்டாய்" என்று சொல்வது நியாயமில்லை. மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்?

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எது நியாயமான கழிவு என்பதற்குச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் பதிப்பது, ஒயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு. இதிலும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் எழுதியதுதான் முன்னால் நிற்கும். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "காலி செய்யும்போது பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது" என்ற வரி இல்லையென்றால் 38,000 ரூபாயை அவர் பிடித்தது தவறு. ஆறு வருஷம் குடியிருந்த சுவர் மங்கத்தான் செய்யும், அதற்குத்தானே மாதா மாதம் வாடகை கொடுத்தீர்கள். குழாய்க்கான 2,500-ல் அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். ஒரு மாத வாடகைக்கு உங்கள் வாட்ஸப் செய்தியே பதில். அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது அழிந்துபோய்விட்டது என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது ஒரு கடிதம். கோபமில்லாமல், ஒரே பக்கத்தில். எந்தத் தேதியில் சாவி கொடுத்தீர்கள், எவ்வளவு பிடித்தார், எது ஏன் தவறு, 15 நாளில் மீதி எவ்வளவு வரவேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பல பேர் இந்தக் கடிதத்திலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

வரவில்லை என்றால்? இந்தச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன. அங்கே முதலில் கேட்பது, ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்றுதான். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்ற பழைய விதியால் வந்த பழக்கம் அது. புதிய சட்டத்தில் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. உங்களுடையது பதியப்படவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், சிவில் நீதிமன்றம் என்றுதான் போகவேண்டி வரும். அதற்காகப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். நீங்களே உங்கள் பெயரில் மனு கொடுங்கள்.

இன்னொன்று. இதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள். வீட்டு வாடகைத் தகராறு அங்கே எடுபடாது. என் மேசைக்கு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாடிப்படி ஏறி வந்தவர்களை அப்படி அனுப்பும்போதெல்லாம் மனது கனத்துப்போகும்.

கேள்வி: வெளியூர் பஸ்ஸை நிறுத்திய மோட்டலில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய் வாங்கினார்கள். "கூலிங் சார்ஜ்" என்றார்கள். அப்படி ஒன்று உண்டா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

கிடையாது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் எந்தச் சில்லறைக் கடையும் விற்கக்கூடாது. குளிரவைத்ததற்குத் தனிக் கூலி வாங்க இடமில்லை. ஆனால் நீங்கள் எங்கே வாங்கினீர்கள் என்று பார்க்கவேண்டும். ஓட்டலில் மேஜைக்கு முன் உட்கார்ந்து, பரிமாறச் சொல்லி வாங்கியிருந்தால், கூடுதல் விலை வைக்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே பெட்டிக்கடையில் நின்று வாங்கியிருந்தால் அந்தச் சலுகை அவர்களுக்கு இல்லை. நம் மாநிலத்தில் எடை, அளவு, பொட்டல விலை எல்லாம் தொழிலாளர் துறையின் பொறுப்பு. கடையின் பெயர், ஊர், நேரம், பாட்டிலில் அச்சிட்ட விலையின் படம் இவற்றோடு அங்கே புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் சொல்லலாம்.

கேள்வி: மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, அது எங்களுக்கு இல்லையா?
— ஒரு வாசகி, வேளச்சேரி

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். உங்களுக்குத் தனி இணைப்பு இல்லாததால் அந்த 100 யூனிட் வீட்டுக்காரர் பெயரில் உள்ள இணைப்பில் போய்ச் சேருகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. மின் கட்டணம் படிப்படியாக ஏறும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ்ப்படியில் உள்ள மலிவு விலையும் பறிபோய்விடும். இது அவருக்கும் நஷ்டம்தான். சண்டையாகப் பேசாமல் இப்படி எடுத்துச் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து மின் வாரியத்தின் இணையதளத்தில் பில்லைப் பார்க்கலாம். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் உண்மையில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரியும். அந்த விலைக்கு உங்கள் சப் மீட்டர் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க அவரைச் சம்மதிக்கவைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் பேசப்போய் அவர் ஃபியூசைப் பிடுங்கினால், அது சட்டப்படி தவறு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. வாடகை அதிகாரியிடம் உடனே முறையிடலாம்.

கேள்வி: கணவர் போன பிறகு மாடி வாடகையில்தான் என் மருந்துச் செலவே ஓடுகிறது. குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. மோட்டார் சுவிட்சை அணைத்து வைத்துவிடு என்கிறான் என் தம்பி. நீங்கள் எப்போதும் குடித்தனக்காரர்கள் பக்கமே பேசுகிறீர்கள் என்று எனக்கு வருத்தம்.
— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. நான் ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவள். அந்தப் பக்கத்து வலிதான் எனக்கு முதலில் தெரிகிறது. உங்களைப்போல் ஒற்றை வாடகையை நம்பி இருப்பவர்களைப் பற்றி இதுவரை போதுமான அளவு எழுதவில்லை.

மோட்டாரைத் தொடாதீர்கள். இப்போது தவறு முழுக்க அவர் பக்கம் இருக்கிறது. நீங்கள் தண்ணீரை நிறுத்தினால் நாளைக்கு அவர் உங்கள் மேல் புகார் கொடுப்பார், நான்கு மாத பாக்கி பின்னால் போய்விடும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே வீட்டைத் திரும்பக் கேட்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. முதலில் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியைத் தீர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. தீர்க்காவிட்டால் வாடகை நீதிமன்றம். அங்கே உங்களுக்கும் ஒப்பந்தப் பதிவுதான் பலம். இலவசச் சட்ட உதவி பற்றி நங்கநல்லூர் வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். மாத வாடகையை இனிமேல் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதை பாஸ்புக் சொல்லும்.

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கிய ஒன்பதாம் நாளே அடியில் தண்ணீர் கசிந்தது. கடையில், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் புகார் எண் தருகிறார்கள், ஆள் வராமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது.
— ஒரு வாசகர், கோவை

மூன்று புகார் எண்ணும் இருக்கிறதா? அந்த மூன்று குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். ஆள் அனுப்பாமல் புகாரை மூடியதற்குக் கம்பெனி தானாகவே எழுதிக் கொடுத்த சாட்சி அவை.

பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கி, பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை என்று கணக்கு. நீங்கள் ஒன்பதாம் நாளே சொல்லியிருக்கிறீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கு இது பொருந்தாது. கசிவுக்குப் பொருந்தும்.

இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த பில்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இப்போது கடைகளில் தருவது பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழும் வழவழப்பான தாள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும், சமையலறை அலமாரியில் வைத்தாலும் சில மாதத்தில் வெளுத்துவிடும். ஒரு முறை ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதற்குள் துணியில் சுற்றி, அவ்வளவு பத்திரமாக ஃபிரிட்ஜ் பில்லை வைத்திருந்தார். பிரித்துக் கொடுத்தார். வெறும் வெள்ளைத்தாள். ஜன்னல் பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். கடையின் பெயரில் இரண்டு எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. "இவ்ளோ ஜாக்கிரதையா வச்சிருந்தேனேம்மா" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்று முதல் யார் வந்தாலும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அப்புறம், கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே கடிதம் அனுப்புங்கள். கடை கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி கடையைக் கைகாட்டும். புகாரில் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிட்டால் அந்த விளையாட்டு நடக்காது. 1915-க்கும் போன் செய்து பதியுங்கள். பல கம்பெனிகள் அங்கிருந்து கேள்வி வந்ததும் ஆள் அனுப்பிவிடுகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே மனு போடலாம். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட நாளாகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் போடுங்கள். வாய்தாவுக்கு வாய்தா அலையவேண்டுமே என்று நாம் சலித்துக்கொள்வதை நம்பித்தான் அந்தக் குறுஞ்செய்திகள் அனுப்பப்படுகின்றன.

மனுவில் உங்கள் மனக்கசப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதவேண்டாம். தேதி வாரியாக எழுதுங்கள். வாங்கிய நாள், கசிந்த நாள், முதல் போன், முதல் குறுஞ்செய்தி. நான் வாங்கிப் பார்த்த மனுக்களில் சீக்கிரம் நகர்ந்தவை அப்படி எழுதியவைதான்.

கேள்வி: சிலிண்டர் கொண்டுவருபவர் பில்லுக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் அடுத்த முறை மாடிக்கு ஏற்றமாட்டேன் என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் பில்லில் போட்ட விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதே சமயம், அந்தத் தோளைக் கொஞ்சம் பாருங்கள். இரும்பும் வாயுவுமாக 30 கிலோ. அவருக்கு ஒழுங்கான கூலி கொடுக்கவேண்டிய ஏஜென்சி அதைக் கொடுக்காமல், நம்மிடம் வாங்கிக்கொள் என்று அனுப்பினால், தவறு ஏஜென்சியுடையது. மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மனமுவந்து 20 ரூபாயும் ஒரு டம்ளர் மோரும் கொடுப்பது வேறு. கட்டாய வசூலுக்கு ஏஜென்சியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், 1800-2333-555 என்ற எண்ணிலும் சொல்லுங்கள். புகாரில் அந்தத் தொழிலாளியை முன்னால் நிறுத்தாமல், "உங்கள் ஏஜென்சி எங்களிடம் கூடுதல் தொகை வாங்குகிறது" என்றே எழுதுங்கள்.

அடுத்த முறை வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் தராசு கொண்டுவரவேண்டும், அது விதி. சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் வெற்று எடை எழுதியிருக்கும். உதாரணமாக 15.8 என்று இருந்தால் அதோடு வாயுவின் 14.2 கிலோவைக் கூட்டுங்கள், தராசு 30 காட்டவேண்டும். என்ன காட்டியது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.